மணலில் பிறந்த பொறி

பாக்கெட் லைட்டர் சேகரிப்பவர்களின் உலகமும், அதற்குள் கிடக்கும் குமரிக் கடற்கரைச் சங்கதியும்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் அலை பின்வாங்கியதும் கரையில் கருப்பும் செம்பழுப்புமாக ஒரு மணல் பட்டை பட்டையாகத் தங்கும். கருப்பாகத் தெரிவது இல்மனைட். சிவப்பு கார்னெட். இவற்றுக்கு நடுவே, தேன் நிறத்தில் கொஞ்சமாகக் கலந்திருப்பது மோனசைட். இந்தத் தேன் நிறப் பருக்கையைத் தேடித்தான் நூறாண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து ஒருவர் இங்கே வந்தார். பெயர் ஷோம்பர்க், தொழில் வேதியியல். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-ல் அவர் மோனசைட்டைக் கண்டார். அந்தக் கயிறு எந்தக் கரையிலிருந்து வந்ததோ அந்தக் கரைக்கே வந்து, அடுத்த ஆண்டு மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையையும் தொடங்கிவிட்டார். முதல் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மன் உளவாளி என்று குற்றம் சாட்டி பிரிட்டிஷ் அரசு அவரைக் கைதுசெய்தது. ஆலை இங்கிலாந்துக்காரர்கள் கைக்குப் போனது.

அப்படி என்ன இருந்தது அந்த மணலில்? தோரியம். அணுசக்தி பற்றி யாரும் பேசாத காலம் அது. அன்று தோரியத்தைக் கேட்டது கேஸ் விளக்கு மேன்டில். நம் ஊர்க் கல்யாணப் பந்தலிலும் திருவிழாவிலும் எரிந்த பெட்ரோமாக்ஸுக்குள் வெள்ளைப் பை போலத் தொங்குமே, அதுதான். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் வான் வெல்ஸ்பாக் 1891-ல் அந்த மேன்டிலுக்கு ஒரு கலவை கண்டுபிடித்தார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஐரோப்பியத் தெருக்களெல்லாம் அந்த வெளிச்சத்தில் நின்றன.

மோனசைட்டில் தோரியம் குறைவு, சீரியமும் அதன் கூட்டாளிகளான லாந்தனம், நியோடிமியமும்தான் அதிகம். தோரியத்தை எடுத்துக்கொண்டபின் இவை மேன்டில் ஆலைகளுக்குப் பின்னால் கழிவாகக் குவிந்தன. குவியலைக் கண்டு வெல்ஸ்பாக் சும்மா இருக்கவில்லை. இந்தக் கழிவு உலோகத்தோடு சுமார் 30 சதவீதம் இரும்பைச் சேர்த்துப் பார்த்தார். கலவை கல்போல இறுகியது. அதைச் சுரண்டினால் பொறி கொட்டியது. 1903-ல் காப்புரிமை வாங்கினார். இன்று பெட்டிக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் லைட்டர் முதல் லட்ச ரூபாய் தங்க முலாம் லைட்டர் வரை, சக்கரம் சுழற்றிப் பற்றவைக்கும் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் அந்தக் குட்டிக் கல் இதுதான். பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் லைட்டர் கல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

லைட்டர் என்றால் சிகரெட் என்று பார்த்தே பழகிவிட்டோம். அதனால் இந்தச் சின்ன எந்திரத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. புகையிலையை வாழ்நாளில் தொடாத பலர் உலகம் முழுவதும் லைட்டர் சேகரிக்கிறார்கள். கைக்கடிகாரத்தையும் மையூற்றுப் பேனாவையும் சேகரிக்க என்ன காரணமோ, அதே காரணம் இதற்கும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு எந்திரம், கண்ணெதிரே வேலை செய்கிறது, கழற்றினால் புரிகிறது, பழுதானால் சரிசெய்ய முடிகிறது. இதில் நான் ஒரு கட்சிக்காரன். எரியாத லைட்டர் சேகரிப்பில் பாதிதான். கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்பதைவிட, எண்பது வயதான ஒன்றை மறுபடி எரிய வைத்துக் கையில் வைத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்று நினைக்கிறேன்.

எரிவது எது?

பழைய சக்கிமுக்கியில் கல் உறுதியானது, இரும்பு அதனிடம் தோற்கும். கல் சுரண்டிய இரும்புத் துகள்தான் பொறியாகப் பறக்கும். லைட்டரில் இது தலைகீழ். எஃகுச் சக்கரம் அப்படியே இருக்கும், ‘கல்’ சுரண்டப்பட்டுத் துகளாகும். சீரியம் மிகக் குறைந்த வெப்பத்திலேயே காற்றோடு சேர்ந்து பற்றிக்கொள்ளும் உலோகம். சக்கரத்தின் பல் உரசும் சூடே அதற்குப் போதும். நாம் பார்க்கும் பொறி, எரிந்துகொண்டே பறக்கும் உலோகச் சீவல். அதனால்தான் சக்கரம் ஆண்டுக்கணக்கில் தேயாமல் இருக்க, கல் மட்டும் கரைந்து அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

வெல்ஸ்பாக்கின் கல்லுக்கு முன்பும் லைட்டர் இருந்தது. ஜெர்மனியின் யேனா நகரில் 1823-ல் டோபரைனர் செய்த விளக்கில் துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். அது பிளாட்டினத்தின்மீது பட்டுத் தானே பற்றிக்கொள்ளும். அழகான வேதியியல்தான், ஆனால் அமிலக் குடுவையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு யாரால் திரிய முடியும்? சட்டைப் பைக்கு லைட்டரைக் கொண்டுவந்தது வெல்ஸ்பாக்கின் கல்.

அதைப் பரப்பியது போர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தீக்குச்சி நமத்துப்போனது, காற்றில் அணைந்தது, இருட்டில் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சிப்பாய்கள் சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூட்டை எடுத்து, உள்ளே பஞ்சும் திரியும் வைத்து, பக்கத்தில் கல்லும் சக்கரமும் பொருத்தித் தாங்களே லைட்டர் செய்துகொண்டார்கள். சிலர் எண்ணெயே வேண்டாமென்று கயிற்றுத் திரியை மட்டும் கனல வைத்தார்கள். சுடர் இல்லாமல் கனல் மட்டும் இருந்தால் காற்று அடிக்க அடிக்க அது இன்னும் நன்றாகப் பிடிக்கும், தூரத்துக்குத் தெரியவும் தெரியாது. இந்தப் பதுங்குகுழி லைட்டர்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே தனிப் பிரிவு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. சிலவற்றில் ஊசியால் கீறிய ஊர்ப் பெயர் இருக்கும், சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும்.

மேசைமேல் ஒரு இம்கோ

சேகரிக்கத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லும் பெயர் இம்கோ. வியன்னாவில் 1907-ல் ஜூலியஸ் மைஸ்டர் தொடங்கிய நிறுவனம். ராணுவச் சீருடைக்குப் பொத்தான் செய்துகொண்டிருந்தது. போர் முடிந்து சீருடைத் தேவை சரிந்ததும் 1918-ல் லைட்டருக்கு மாறியது. 1937-ல் வந்த டிரிப்ளெக்ஸ்தான் அதன் தலைப்பிள்ளை.

பழைய சாமான் கடையில் வாங்கிய டிரிப்ளெக்ஸ் ஒன்று என் மேசையில் இருக்கிறது. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தகட்டை வெட்டி, மடித்து, முளை அடித்துச் செய்தது. வார்ப்பு வேலை, கடைசல் வேலை எதுவும் பெரிதாகக் கிடையாது. மேல்மூடியின் நெம்புகோலைப் பெருவிரலால் அழுத்தினால் மூன்று வேலைகள் ஒரே நொடியில் நடக்கின்றன. திரியை மூடியிருந்த தொப்பி விலகுகிறது, சக்கரம் சுழல்கிறது, பொறி திரியில் விழுகிறது. சக்கரத்தை விரலே தொடுவதில்லை. திரியைச் சுற்றியிருக்கும் துளையிட்ட குழலைத் திருப்பினால் காற்று வரும் வழி மாறி, சுடரின் உயரமும் மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு வருவது. கீழே பிடித்து இழுத்தால் எண்ணெய்க் குப்பி திரியோடு தனியாகக் கழன்று வந்துவிடும். எரிந்துகொண்டிருக்கும்போதே உருவி, மெழுகுவத்தி மாதிரி பிடித்துக்கொண்டு அடுப்பையோ விளக்கையோ ஏற்றலாம். லைட்டரைச் சாய்க்க வேண்டாம், விரல் சுடாது.

இவ்வளவு யோசித்துச் செய்ததை ஏழைக்கும் எட்டுகிற விலையில் 75 ஆண்டுகள் விற்றார்கள். 2012-ல் வியன்னாவில் உற்பத்தி நின்றது. பிறகு ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதே வடிவத்தைத் தொடர்ந்தது. வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களின் கையில் இம்கோ ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் கழற்றி மாட்டச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பிராட்போர்டுக்காரர் செய்த மாற்றம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்போர்டு ஒரு எண்ணெய்க் கிணற்று ஊர். 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் என்பவர் அங்கே ஒரு கிளப்பில், நண்பர் ஆஸ்திரிய லைட்டர் ஒன்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். மூடியைத் தனியாகக் கழற்ற வேண்டும், பற்றவைக்க இரண்டு கையும் வேண்டும். பார்க்கவும் லட்சணமில்லை. ஆனால் காற்றில் அணையவில்லை. பிளெய்ஸ்டெல் முதலில் அதையே இறக்குமதி செய்து விற்றுப் பார்த்தார், போகவில்லை. 1932-ல் தானே ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார். காற்றுத் தடுப்புக் குழலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார். செவ்வகக் கூடு, கீல் வைத்த மூடி, ஒரே கையில் திறந்து ஒரே கையில் பற்றவைக்கும் அமைப்பு. 1933-ல் ஸிப்போ சந்தைக்கு வந்தது. விலை 1.95 டாலர்.

அந்தக் குழலில் பக்கத்துக்கு 8 துளை, மொத்தம் 16. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தவற்றில் 14. துளை வழியே காற்று உள்ளே வரும், ஆனால் வேகம் உடைந்து வரும். வெளியே சுடர் வளைந்து துடித்தாலும், திரியின் அடியில் உயிர் பிடித்து நிற்கும். உள்ளே எண்ணெய்த் தொட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது. பஞ்சுருண்டைகள்தான். அவை உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெயைத் திரி மேலே இழுக்கும். அடியில் ஒரு ஃபெல்ட் அட்டை, அதைத் தூக்கினால் எண்ணெய் விடும் இடம். மாற்றுக் கல் ஒன்றை அந்த அட்டைக்குக் கீழே ஒளித்து வைப்பது பழைய ஆட்களின் வழக்கம்.

ஸிப்போவை ஸிப்போ ஆக்கியது இன்னொன்று. எத்தனை ஆண்டு பழையதாக இருந்தாலும், யார் கையிலிருந்து வந்தாலும், எந்திரப் பழுதை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று பிளெய்ஸ்டெல் தொடக்கத்திலேயே வாக்குக் கொடுத்தார். டிராக்டர் ஏறி நசுங்கியதுகூடத் திரும்பி வந்திருக்கிறது. பிராட்போர்டு ஆலை இன்றும் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. 2012-ல் 50 கோடியாவது லைட்டர் அந்த ஊரிலிருந்து வெளியே போனது. பொருள் விற்கும் எல்லா நிறுவனங்களும் பாடமாக வைத்துப் படிக்க வேண்டிய வாக்கு அது. அதைத் தாண்டி ஸிப்போவின் புகழுக்குப் பெரிய காரணம் கிடையாது என்பேன்.

அடிப்பாகத்தைப் படிக்கும் கலை

சேகரிப்பாளர் ஒருவரிடம் ஸிப்போவைக் கொடுத்தால் அவர் மூடியைத் திறப்பதில்லை. கவிழ்த்து அடியைப் பார்ப்பார். 1950-களின் நடுவிலிருந்தே அங்கே தயாரிப்பு ஆண்டைச் சங்கேதமாகப் பொறித்து வருகிறார்கள். முதலில் புள்ளிகள். 1966 முதல் நேர்க்கோடுகள். பெயரின் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்றால் 1966. ஆண்டுக்கு ஒரு கோடு குறையும். இரண்டுக்கு இரண்டு என்றால் 1970. ஒரே ஒரு கோடு என்றால் 1973. 1974-ல் கோடுகள் சாய்ந்தன. 1986-ன் நடுவில் ரோம எண்கள் வந்தன, கூடவே மாதத்துக்கு ஒரு ஆங்கில எழுத்து. 1985-ஐ ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். அப்படியானால் ரோம எண் பன்னிரண்டு என்பது 1996. 2001-லிருந்துதான் யாருக்கும் புரியும் சாதாரண எண்.

கூடவே காப்புரிமை எண்ணையும் பார்ப்பார்கள். 1936-ல் கிடைத்த காப்புரிமையின் எண் 2032695. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால ஸிப்போக்கள் பலவற்றில் நடுவில் ஒரு 2 விடுபட்டு 203695 என்று அச்சாகியிருக்கும். அச்சுக் கட்டையில் நேர்ந்த பிழை. இன்று அந்தப் பிழைதான் அது போர்க்காலத்தது என்பதற்கு அடையாளம். பித்தளையைப் போர் விழுங்கிவிட்டதால் அப்போது கூட்டை மட்டரக எஃகில் செய்தார்கள். துரு ஏறாமல் கரடுமுரடான கருப்புப் பெயின்ட் பூசி அடுப்பில் சுட்டார்கள். முழு உற்பத்தியும் ராணுவத்துக்கே போனது. அந்தக் கருப்புப் பூச்சு முக்கால்வாசி உதிராமல் இருக்கிற ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளருக்குத் தீபாவளிதான். அதை பிராஸோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்க வருகிறவர்களும் உண்டு. பார்க்கவே நெஞ்சு பதறும்.

அடியைப் படிக்கத் தெரிவது எங்கே கைகொடுக்கும் என்றால், வியட்நாம் ஸிப்போவில். வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்கள் சைகோன் தெருவோரப் பொறிப்புக் கடைகளில் தங்கள் படைப்பிரிவு, முகாம், ஆண்டு, மனக்கசப்பு எல்லாவற்றையும் லைட்டரில் செதுக்கிக்கொண்டார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள், உயிரோடு ஊர் திரும்புவோமா என்று தெரியாமல் எழுதி வைத்த வரிகள் அவை. அதே லைட்டருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1965 ஆகஸ்டில் காம் நே கிராமத்தில் அமெரிக்க மரைன் வீரர்கள் ஏழைகளின் கூரையில் லைட்டரால் தீ வைப்பதை சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மோர்லி சேஃபர் படம்பிடித்து ஒளிபரப்பினார். அமெரிக்க வீட்டுக் கூடங்களில் அந்தக் காட்சி ஓடியது. போரைப் பற்றி மக்கள் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கிய தருணங்களில் அதுவும் ஒன்று. இந்த லைட்டரைச் சேகரிக்கிறவர் இரண்டு வரலாற்றையும் சேர்த்தே கையில் எடுக்கிறார். கூரை எரிந்த பக்கத்தை மறந்துவிட்டு வீர வசனத்தை மட்டும் ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

விலை ஏற ஏறப் போலியும் பெருகியது. வியட்நாமின் சுற்றுலாச் சந்தைகளில் இன்று விற்கும் ‘போர்க்கால’ லைட்டர்களில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தவை. மண்ணில் புதைத்து, கல்லில் உரசி, பழசாக்கியவை. சோதனை எளிது. மேலே 1966–67 என்று பொறித்திருக்கும். கவிழ்த்தால் இரண்டுக்கு இரண்டு கோடு, அதாவது 1970. செய்வதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே எவராலும் ஒரு லைட்டரை வியட்நாமுக்கு எடுத்துப் போக முடியாது. ஆண்டு பொருந்தினாலும் ஆராய்ச்சியை அங்கே நிறுத்தக் கூடாது. பொறிப்பின் பள்ளத்துக்குள் தேய்மானம் இருக்கிறதா, அல்லது தேய்ந்த உடம்பில் எழுத்து மட்டும் கூர்மையாக நிற்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். உள்கூடும் வெளிக்கூடும் ஒரே காலத்தவையா என்பது அடுத்த கேள்வி. உள்கூட்டை உருவி மாற்றுவது எளிது என்பதால் ஜோடி மாறியவை ஏராளம்.

எண்ணெயிலிருந்து கேஸுக்கு

பணக்காரர்களின் சட்டைப் பைக்கு வேறு கதை. அமெரிக்காவில் லூயி ஆரன்சனின் ரான்சன் நிறுவனம் 1926-ல் பாஞ்சோ என்ற லைட்டரைக் கொண்டுவந்தது. அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். லண்டனில் டன்ஹில்லின் யூனிக் லைட்டருக்கு முன்மாதிரியாக 1920-களில் செய்தது ஒரு கடுகுத் தூள் டப்பாவைக் கொண்டுதான் என்பது சேகரிப்பாளர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. பின்னால் தங்கத்திலும் வெள்ளியிலும் வந்ததன் பிறப்பு, சமையலறைத் தகர டப்பா.

பிரான்ஸின் எஸ்.டி. டுபோன் லைட்டருக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. 1872-ல் தோல் பைகள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 1941-ல் பாட்டியாலா மகாராஜாவிடமிருந்து ஒரு ஆர்டர் வந்தது என்று நிறுவனம் தன் வரலாற்றில் சொல்கிறது. பெண்கள் விருந்துக்கு எடுத்துப்போகும் சின்னத் தங்கக் கைப்பெட்டிகள் 100, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லைட்டர். அதற்காகச் செய்ததுதான் டுபோனின் முதல் லைட்டர். 1952-ல் சுடர் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் லைட்டரைக் கொண்டுவந்தார்கள். டுபோன் மூடியைத் திறந்தால் கேட்கும் ‘க்ளிங்’ ஓசைக்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். மெல்லிய மணியைத் தட்டினாற்போல நீண்டு ஒலிக்கும். ஸிப்போவின் ‘க்ளிக்’ வேறு ஜாதி, குட்டையாக, கனமாக விழும். கண்ணை மூடிக்கொண்டு ஓசையை வைத்தே லைட்டரின் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு.

கேஸ் என்பது பியூட்டேன். சாதாரண அழுத்தத்தில் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அது கொதித்து ஆவியாகிவிடும். அறை வெப்பத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் போதும், திரவமாகவே அடங்கிக் கிடக்கும். அதனால்தான் மெல்லிய பிளாஸ்டிக் கூடே அதைத் தாங்குகிறது. திரி வேண்டாம், வாடை இல்லை, எண்ணெய் ஆவியாகிப்போகும் கவலை இல்லை. இந்த வசதிதான் ஒருமுறை எரித்து வீசும் லைட்டருக்கு வழிவிட்டது. 1973-ல் பிரான்ஸின் பிக் நிறுவனம் தன் லைட்டரை இறக்கியது. சுமார் 3,000 தடவை எரியும். அதன்பின் குப்பை.

பிக் லைட்டரின் நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே அளவுச் சுடரைக் கடைசிவரை தருவது லேசான தொழில்நுட்பமில்லை. ஆனால் அதைப் பார்த்துப் பெருகிய மலிவு நகல்கள்தான் நம் தெருவெல்லாம் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் கல், சுருள்வில், வால்வு எல்லாம் நல்ல நிலையிலேயே குப்பைக்குப் போகின்றன. பூமியைத் தோண்டி, மணலைச் சலித்து, அமிலத்தில் கரைத்துப் பிரித்தெடுத்த சீரியம் சாக்கடையோரம் கிடக்கிறது.

தீப்பெட்டி பக்கம்

தமிழ்நாட்டுக்கு இது வெறும் குப்பைப் பிரச்சினை இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழிலை நம்பி லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். 2021 டிசம்பரில்தான், 14 ஆண்டுகளுக்குப் பிறகு, தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த நேரத்தில் பத்து ரூபாய்க்கு இறக்குமதி லைட்டர் கடைக்குக் கடை தொங்கியது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று சொல்லி, அதைத் தடைசெய்யும்படி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022-ல் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள பாக்கெட் லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. பிறகு உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்ற புகார் எழ, 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை.

தீக்குச்சியைக் காப்பாற்ற லைட்டரைக் கட்டுப்படுத்துவது உலகத்துக்குப் புதிதில்லை. பிரான்ஸில் லைட்டருக்கு வரி கட்டிய முத்திரையை அதன் உடம்பிலேயே பொருத்த வேண்டியிருந்தது. பழைய பிரெஞ்சு லைட்டர்களில் அந்தக் குட்டி முத்திரை இன்றும் இருக்கும், சேகரிப்பாளர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள். போர்ச்சுகல் இன்னும் ஒரு படி மேலே போனது. சலாசர் ஆட்சியில் 1937 முதல் 1970 வரை, பொது இடத்தில் லைட்டரை எடுத்துப் பற்றவைக்க உரிமச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் அபராதம், லைட்டரும் பறிபோகும். மடித்துச் சட்டைப் பையில் வைத்த அந்த உரிமச் சீட்டுகளும் இப்போது சேகரிப்புப் பொருள்கள்.

லைட்டர் பிரியன் என்றாலும் இந்த விஷயத்தில் நான் கோவில்பட்டிப் பக்கம்தான். வீசி எறியும் மலிவு லைட்டரை நிறுத்தியது சரி. வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு நல்ல லைட்டருக்கு எண்ணெயும் கல்லும் மாற்றிக்கொண்டிருப்பவரால் தீப்பெட்டித் தொழிலுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

வாங்கினால், எரித்தால்

பெட்ரோல் லைட்டர் என்று நாம் சொன்னாலும் பங்கில் விற்கும் பெட்ரோலை ஊற்றக் கூடாது. நாற்றம் அடிக்கும், கரி பிடிக்கும், அதன் ஆவி உடம்புக்கும் ஆகாது. நாஃப்தாவைச் சுத்திகரித்து லைட்டர் எண்ணெய் என்றே டப்பாவில் விற்கிறார்கள், அதுதான் சரி. ஊற்றும்போது பஞ்சு நனைந்தால் போதும், ததும்ப வேண்டாம். ததும்பியதைக் கால்சட்டைப் பையில் போட்டால், உடல் சூட்டில் எண்ணெய் கசிந்து தொடைத் தோலைப் பொசுக்கிவிடும். தீப்பிடிக்காமலே கொப்புளம் வரும். ஊற்றியதும் லைட்டரையும் கையையும் துடைத்து, ஈரம் போனபின்தான் சக்கரத்தைத் தொட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் ஒரு வாரத்தில் ஆவியாகிவிடும். அது லைட்டரின் குறை இல்லை, அதன் சுபாவம்.

கேஸ் லைட்டரை நிரப்பும் முன் பழைய வாயுவை முழுதாக வெளியேற்றிவிட வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து நிரப்ப வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடக் கூடாது. நிரப்பிய கேஸ் இரண்டு நாளில் தானே காலியானால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் இறுகிவிட்டது என்று அர்த்தம். டன்ஹில், டுபோன் ஆகியவற்றில் இது சகஜம், வளையம் மாற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய லைட்டர் வாங்குவோரைப் பாடாய்ப் படுத்துவது கல்தான். ஈரக்காற்றில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் சீரியம் காற்றோடு சேர்ந்து பொருமும், ஊதும், சாம்பல் நிறத் தூளாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். சக்கரம் அசையாது. விற்பவர் ‘உடைந்தது’ என்று பாதி விலைக்குத் தருவார். உடைந்திருக்காது. அடித் திருகையும் சுருள்வில்லையும் கழற்றிவிட்டு, குழாயின் விட்டத்துக்கும் சற்றுச் சின்னத் துளையிடு ஊசியைக் கையாலேயே திருகித் திருகித் தூளை வெளியே எடுக்க வேண்டும். மின்துளைப்பான் வேண்டாம், பித்தளைக் குழாய் கிழிந்துவிடும். தூள் தட்டிலே கொட்டக் கொட்ட, அடியில் ஒட்டிய கடைசிக் கட்டி ‘டக்’கென்று விடும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போகும். எடுத்து வைக்கப்போகும் லைட்டரில் கல்லைக் கழற்றிவிட்டே வைத்தால் இந்தப் பாடே இல்லை.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய லைட்டருக்குப் பூட்டு கட்டாயம். சிறுவர்கள் எளிதில் பற்றவைக்க முடியாத அமைப்பு வீசி எறியும் லைட்டர்களுக்கு வேண்டும் என்று அமெரிக்கா 1994-ல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வந்தவற்றில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. எண்பது வயது இம்கோவை ஐந்து வயதுக் குழந்தை ஒரே அழுத்தில் எரித்துவிடும்.

வாங்கப் போகிறவர்கள் வெளிநாட்டு ஏலத்துக்கு ஓடும் முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். ரங்கூன், மலேயா, சிலோன் என்று பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள், ராணுவத்திலும் கப்பலிலும் வேலை பார்த்தவர்கள் உள்ள குடும்பங்களில் ஒரு லைட்டராவது எங்கேயோ கிடக்கும். பரணில், தையல் எந்திர இழுப்பறையில், பழைய பிஸ்கட் டப்பாவில். கிடைத்தால் உடனே தேய்க்காதீர்கள். மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். பெயரோ தேதியோ ஊரோ பொறித்திருந்தால் அந்தப் பக்கம் பாலிஷே வேண்டாம், ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து ஆழம் குறையும். யாருடையது, எங்கே வாங்கியது, எந்த ஆண்டு, யார் கைக்கு எப்போது வந்தது என்று தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி லைட்டரோடு போட்டு வையுங்கள். ஒரே வயது, ஒரே நிலைமையிலுள்ள இரண்டு லைட்டர்கள் விலைக்கு வந்தால், சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுப்பது அந்தச் சீட்டு உள்ளதற்குத்தான்.